லைன் கிளியரா இருக்குங்களா?

அர்த்தநாரி அண்ணன் இறந்த செய்தியை அவருடைய மகள் போனில் சொன்னபோது, என் வாயில் முதலில் வந்த கேள்வி, "கரண்ட்டாலயா?" என்பதுதான். "இல்லீங்க அத்தை, மாரடைப்பு. காலையில டீ குடிச்சிட்டு இருந்தாருங்க" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

மஞ்சக்குட்டைப் பக்கம் மின்வாரிய ஊழியரான அவரை அறியாதவர்கள் குறைவு. காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், காபித் தோட்டத்துக்குள் அவருடைய மஞ்சள் தொப்பி தெரியும். அவரை அறிந்த எல்லோரும் இப்போது அவரைப் பற்றி நல்லதாகப் பேசுகிறார்கள். எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான் சொல்ல வேண்டியது வேறு. ஒருமுறை நான் அவரைக் கொன்றிருப்பேன்.

எங்கள் எஸ்டேட்டில் எல்லாமே லைன்தான். தொழிலாளர் குடியிருப்பு லைன், மின்கம்பி லைன், போனும் லைன், ரேஷனுக்கு நிற்பதும் லைன். எந்த லைன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளின் முற்பகல். மேட்டுத் தோட்டத்தில் கம்பி அறுந்திருந்தது. துணை மின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அண்ணன் கம்பத்தில் ஏறியிருந்தார். மேட்டில் செல்போன் எடுக்காது. வேலை முடிந்ததும் அவர் வந்து சொல்ல, நான் அலுவலகப் போனில் நிலையத்துக்குத் தெரிவிப்பதாக ஏற்பாடு.

போன் ஒலித்தது. முதலில் ஒரே கரகரப்பு. பிறகு பழக்கமில்லாத ஒரு குரல், "மின்நிலையத்துல இருந்து பேசறனுங்க. லைன் கிளியரா இருக்குங்களா?"

"இப்ப கிளியரா இருக்குங்க, சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

ரிசீவரை வைக்கும்போதே புரிந்துவிட்டது. அவர் போன் லைனைப் பற்றிக் கேட்கவில்லை. கம்பியில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். திரும்ப அழைக்கப் பார்த்தேன். விரல் தப்புத் தப்பான எண்களில் விழுந்தது. மேட்டிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது.

செருப்பில்லாமல் ஓடினேன். சேற்றில் இரண்டு முறை விழுந்தேன். கூப்பிடலாம் என்றால், பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். பனிமூட்டத்துக்குள் கம்பம் தெரிந்தது. உச்சியில் இடுப்புப் பட்டையில் சாய்ந்தபடி அவர். அசைவே இல்லை.

"அண்ணா!"

"உசுரோடதான் இருக்கறனுங்க. யாருங்க கரண்ட் குடுத்தது?"

கம்பியைத் தொடும் முன்பே இருபுறமும் எர்த் சங்கிலி மாட்டியிருந்தார். வந்த மின்சாரம் அதன் வழியே மண்ணில் இறங்க, நிலையத்தில் சுவிட்ச் தானாகவே விழுந்துவிட்டது. கீழே வந்தவருக்குப் பட்டையைக் கழற்ற வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்கம்மணி, எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார். அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு போனில் 'லைன் கிளியர்' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. மற்றவர்களையும் விடமாட்டார். "கம்பத்து நம்பரைச் சொல்லுங்க. ஏறுன ஆளு பேரைச் சொல்லுங்க. எறங்கிட்டாருன்னு கண்ணுல பாத்துட்டுச் சொல்லுங்க." கூட வேலை செய்தவர்கள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள். "ஆமாங்க, நான் நொம்பப் பயந்தவன். அதனாலதான் பொழுதோட ஊட்டுக்குப் போறேன்" என்பார்.

அவர் காரியம் முடிந்த மறுநாள் நல்ல மழை. கம்பத்தில் வேறொருவர். மின்நிலையத்திலிருந்து போனில், "லைன் விட்டரலாங்களா?" என்றார்கள்.

"விட்டராதீங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

குடையோடு மேட்டுக்கு நடந்தேன். அந்த மனிதர் இன்னும் மேலேதான் இருந்தார். அவர் இறங்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்கும்வரை அங்கேயே நின்றேன். அர்த்தநாரி அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தப் பயம்தான். இதை நான் போக்கிக்கொள்ளப் போவதில்லை.