நான் போட்ட திகதி

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, கட்டாரில் வேலை செய்த எங்கள் தம்பி ஒரு தீபாவளிக்கு அக்காவுக்குப் போன் ஒன்று அனுப்பினான். விரலால் தேய்க்கிற போன். அதை இயக்குவதற்கு ஈமெயில் முகவரி ஒன்று வேண்டும். அக்காவுக்கு ஏது ஈமெயில்? என்னுடையதையே போட்டுக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது. விசயம் தெரிந்த ஒருவனுடைய முகவரி பத்துப் பேரின் போனில் குந்தியிருக்கும்.

மறு வாரமே விளைவு தெரிந்தது. அக்காவின் ஆட்கள் என் போனுக்குள் வந்து இறங்கினார்கள். மீன்காரி, தையல் மெசின் திருத்துகிறவர், 'அவர்'. என் கந்தோர் ஆட்கள், அதிகாரி முதல் பியூன் வரை, எல்லோரும் அவளுடைய போனுக்குள் போய்விட்டார்கள். ஒருநாள் மீன்காரி என்று நினைத்து என் மேலதிகாரியை அழைத்து, பாரைக்குட்டி இருக்கா என்று கேட்டிருக்கிறாள். மனிதர் நல்லவர், இல்லையம்மா என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். இத்தனைக்கும் மட்டக்களப்பு டவுன் கந்தோர் ஒன்றில் என் வேலையே அதுதான். அதிகாரிகளின் ஈமெயில், தொலைபேசி எண்கள், கூட்டத் திகதிகள் எல்லாம் மேசைக் கம்ப்யூட்டரிலும் மடிக்கணினியிலும் போனிலும் ஒன்றுபோல இருக்கப் பண்ண வேண்டும். ஊரார் போனுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன், சொந்த அக்காவின் போனைக் கவனிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

'அவர்' என்பது அத்தான். அக்கா தன் புருசனின் பெயரைச் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். லொறியில் வடக்கே வன்னிக்குச் சாமான் ஏற்றிப்போன மனிதர், சண்டையில் பாதை மூடியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். சண்டை முடிவதற்கு முந்திய மாசி மாதத்தில், யாருடையதோ போனில் இருந்து ஒரு தடவை பேசினார். "பயப்படாத, எப்படியும் வந்திருவன்" என்றாராம். அதன்பிறகு ஒன்றுமில்லை. அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா ஏறாத கந்தோர் இல்லை, நிரப்பாத படிவம் இல்லை. நெற்றிப் பொட்டை மட்டும் அவள் எடுக்கவில்லை.

அம்மாவின் விசயத்தில் நாள் பற்றிய குழப்பம் இல்லை. அம்மா சுனாமியில் போனவ. அன்றைக்குப் பௌர்ணமி என்று ஊருக்கே தெரியும். எங்கள் ஊர் தேற்றாத்தீவில் கடற்கரைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரே நாளில்தான் திவசம் நடக்கும். ஆனால் திதி, இங்கிலீசுத் திகதிப்படி வராது. வருசத்துக்கு வருசம் நாள் மாறும். அதனால் ஜனவரியில் புதுக் கலண்டர் வந்ததும் அப்பாவின் திதியையும் அம்மாவின் திதியையும் பார்த்து, அந்த வருசத்துத் திகதிகளைப் போனில் போட்டு வைப்பேன்.

அக்காவுக்குப் புதுப் போன் வந்த அடுத்த ஜனவரியில், இரண்டையும் போட்டு முடித்த பிறகும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அத்தானுக்கு ஒரு பிடி சோறு வைக்க யாருமில்லையே என்பது நெடுநாளாக என் மனதில் கிடந்து அரித்தது. அவர் உயிரோடு இல்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். அக்காவிடம் அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்வது வழக்கம். அத்தான் கடைசியாகப் பேசியது மாசியில். ஆகவே மாசி அமாவாசையில் 'அத்தான் திவசம்' என்று போட்டேன். ஒருவருக்கும் சொல்லாமல் கோயிலில் ஒரு மோட்ச அர்ச்சனை செய்துவிட்டு வருவதுதான் என் எண்ணம்.

அந்த அமாவாசையன்று காலை ஆறு மணிக்கு என் போனில் மணி அடித்தது. தேற்றாத்தீவில் அக்காவின் போனிலும் அடித்திருக்கிறது. தொலைபேசி எண்கள் போகிற வழியில் கலண்டரும் போகும் என்பது எனக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

எட்டரை மணிக்கு என் கந்தோர் வாசலில் நின்றாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, கால்களில் சோடி மாறிய செருப்போடு வந்திருந்தாள். போனை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

"ஆர் தம்பி சொன்னது?"

"என்னத்த அக்கா?"

"அவர்ர நாள. நாள் போட்டிருக்கே. ஆர் கண்டது? எங்க வைச்சு?"

எனக்குச் செய்தி வந்துவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள். இத்தனை வருசமாக ஒரு கந்தோரும் கொடுக்காத நாளை, தன் தம்பி எங்கேயோ பெற்றுவிட்டான் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறாள்.

"ஒருத்தரும் சொல்லல்ல அக்கா. நானாத்தான் ஒரு நாளப் போட்டன்."

"சும்மா ஒரு நாளப் போடுவியா நீ? கஷ்டப்பட்டாரா எண்டு மட்டும் சொல்லு. நான் அழமாட்டன்."

பதறிப்போய் என் போனை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அதை அழித்தேன். "பாருங்க, பொய் நாள், அழிச்சிட்டன்" என்றேன். அவள் தன் போனைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்தும் அது போய்விட்டது. அவள் அதைத் தொடவே இல்லை. போகும் என்று எனக்குத் தெரியாதா? அதுதானே என் பிழைப்பு!

"என்ர போன்ல இருந்ததையும் எடுத்துப்போட்டாய்," என்றாள். "அப்ப என்னட்ட மறைக்கிறாய்."

ஒரே முகவரி, இரண்டு போன், ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும் என்று விளக்கினேன். அவள் ஏறி இறங்கிய கந்தோர்களில் ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் இப்படித்தான் பொறுமையாக ஏதாவது விளக்கியிருப்பார். கேட்டு முடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேற்றாத்தீவுக்குப் போய் அவளுக்கென்று ஒரு முகவரி திறந்து, என்னுடையதை எடுத்தேன். அதோடு அவளுடைய போனில் இருந்த எண்கள் எல்லாம் போய்விட்டன. என் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். 'அவர்' என்ற எண் வந்தபோது, "அது வேணாம்" என்றாள்.

அடுத்த மாசி அமாவாசைக்குச் சாப்பிட வரச்சொல்லி அனுப்பினாள். சுனாமிக்குப் பிறகு அவளுக்குக் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டின் முன்னறையில், அவள் கந்தோர் கந்தோராகக் கொண்டு திரிந்த படத்துக்குக் கண்ணாடி போட்டு மாலை போட்டிருந்தாள். படத்தின் முன்னால் வாழையிலையில் சோறும் மரக்கறியும் இருந்தன. அவளுடைய நெற்றி வெறுமையாக இருந்தது.

"அக்கா, சத்தியமா அது நான் சும்மா போட்ட நாள்."

"ஓம், சொன்னாய்தானே. இரு, சோறு ஆறுது."

என்ன செய்வது, இருந்து சாப்பிட்டேன். எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் தரமும் போட்டாள். சாப்பிட்டு முடிந்து வெளியே கிணற்றடியில் என் கைக்குத் தண்ணீர் வார்த்தபோது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"நாள் தந்திட்டாய், அது போதும். எங்க வைச்சு எண்டு மட்டும் சொல்லு தம்பி."