வெள்ளித் தகட்டில் ஒரு நாக்கு

எங்கள் கோயில் திருநாளுக்குக் கடை பரப்புகிறவர்களில், கச்சான் கடலை விற்பவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெண் இருப்பாள். வெள்ளித் தகட்டில் வெட்டிய கை, கால், கண், காது எல்லாம் அவளிடம் கிடைக்கும். கால் நொந்தால் கால், கண் மங்கினால் கண் என்று வாங்கிப் புனிதரின் காலடியிலுள்ள பெட்டியில் போட வேண்டும். புனிதருக்கு நின்று விளக்கம் சொல்லத் தேவையில்லை.

என் மகளுக்கு ஓட்டிசம் என்று கொழும்பு டாக்குத்தர் சொன்ன வருடம், அவளுக்காக எந்த உறுப்பை நேர்வது என்று எங்கள் வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. பிள்ளை பேசுவதில்லை, ஆகவே நாக்கு என்றார் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா. கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆகவே காது என்றேன் நான். என் கணவர் வாயே திறக்கவில்லை. கடலில் மீன்களோடு பேசுவதற்காகச் சொற்களைச் சேமித்து வைக்கிறார் என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு.

மச்சாளிடம் காரணமும் தயாராக இருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிரகண நேரத்தில் நான் மீன் வெட்டினேனாம். வெட்டியது உண்மைதான், ஒரு பாரை மீன். அந்தக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் மச்சாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படி வெளியே வாய் காட்டினாலும், உள்ளுக்குள் அந்தப் பாரை என்னை விடவேயில்லை. மகள் பின்னேரம் முழுவதும் மணலை விரலிடுக்கால் ஒழுகவிட்டுக்கொண்டிருப்பாள், என் முகத்தைப் பாராள். "அம்மா" என்று ஓடிவரும் வேறொரு பிள்ளையை நினைத்து அழுவேன். பிறகு, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டதாக அதற்கும் சேர்த்து அழுவேன். கத்தியைப் பிடித்தது என் கைதானே.

திருநாளன்று பூசை முடிந்து, ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகுதான் பள்ளிமுனையில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் புறப்பட்டோம். சத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. கணவர் அவளைத் தோளில் வைத்திருந்தார். கடைக்காரி எல்லாரிடமும் கேட்பதையே எங்களிடமும் கேட்டாள்.

"ஆருக்கு நேர்த்தி?"

"இந்தப் பிள்ளைக்கு," என்றார் மச்சாள்.

"பிள்ளைக்கு எங்க நோகுது?"

நான் அண்ணாந்து பார்த்தேன். மகள் அப்பாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, காற்றில் ஆடும் கொடிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சாளுக்கே பதில் வரவில்லை. அந்தத் திருநாளில் புனிதர் செய்த முதலாவது புதுமை அது.

"அவளுக்கு ஒண்டும் நோகேல்லை," என்றேன். "நோகுறது எனக்கு."

"அப்ப இருதயத்தை எடுங்கோ. பெரிசோ, சின்னனோ?"

"பெரிசு," என்றேன். 

"ரெண்டாத் தாங்கோ," என்றார் என் கணவர்.

"மற்றது ஆருக்கு?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் கொடிகளைப் பார்த்தபடி சொன்னார். "உனக்குப் பிள்ளை பெற நோ வந்த அண்டைக்கு நான் கடலுக்குப் போயிருக்கக் கூடாது. வேளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா, பிள்ளைக்கு இப்பிடி வந்திராது."

இத்தனை நாளாக நான் ஒரு பாரை மீனோடும் அவர் ஒரு படகோடும் ஒரே பாயில் படுத்திருக்கிறோம்.

"டாக்குத்தர் அப்பிடிச் சொல்லேல்லையே!" என்று கத்தினேன். "இவ்வளவு நாளும் வாய்க்குள்ள கொழுக்கட்டையோ வச்சிருந்தனீங்கள்?"

"நீயும்தான் அந்தப் பாரையை விடேல்லை," என்றார்.

கடைக்காரி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள், பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். இரண்டு இருதயங்களையும் மகள் பறித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கெஞ்சியும் தரவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து புனிதருக்குக் கிடைத்தது, மச்சாள் எங்களுக்குத் தெரியாமல் வாங்கிப் போட்ட நாக்கு ஒன்றுதான்.

நாக்கை நேர்ந்தது மகளுக்கு. ஆனால் வீடு வந்து சேரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் என் கணவர்.