நான் பேசியதாகச் சொல்கிறார்கள்

வீடு கணக்கெடுக்க வந்தவர்கள் முதல் தடவை என் கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றேன். யார் இருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார்கள். பதில் நெஞ்சு வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. ஆளில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் வருவார்களாம். அப்போதும் பதில் இல்லையென்றால் வீடு கணக்கில் சேராது, இடித்துக் கட்டும்போது மாற்று வீடும் கிடைக்காது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் நானும் வீட்டுக்காரரும் கட்டிய ஒற்றை அறை அது, மேலே படுக்க ஒரு பரண். அவர் இறந்தபிறகு நான் மட்டும்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் செம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஞாயிறு சாயங்காலம் நடக்கும் பேச்சுக் கூட்டத்துக்கு அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காகவே நடத்துகிற கூட்டம் என்றாள்.

பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடுவார்கள். எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். எல்லாவற்றுக்கும் முறை உண்டு. ஒருவர் மூன்று அட்டைகளோடு முன்னால் உட்காருவார். பச்சை காட்டினால் போதுமான அளவு பேசியாயிற்று, மஞ்சள் என்றால் முடிக்கப் பார், சிவப்பு என்றால் உட்கார். இன்னொருவர் மேஜை மணியோடு இருப்பார். பேசுகிறவர் 'வந்து', 'மத்லப்' என்று இழுக்கும்போதெல்லாம் டிங்கென்று ஒரு தட்டு. பேசி முடித்ததும் வேறொருவர் எழுந்து, முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு குறையைச் சொல்வார்.

பல வாரம் பின் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் எவர்சில்வர் டப்பாவை என்னிடமும் நீட்டினார்கள். அதிலிருந்து எடுக்கும் சீட்டில் இருப்பதைப் பற்றி உடனே பேச வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் என் சீட்டை வாங்கிப் படித்தாள். 'வீட்டுக் கதவு.'

முன்னால் போய் நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டியூப்லைட் இரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நடுவில் டிங்கென்று மணி கேட்டது. யாருமே பேசாதபோது எதற்கு மணி தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பச்சை அட்டை எழுந்தது. மஞ்சள். சிவப்பு. கை தட்டினார்கள்.

திரும்பி வந்து, ஒரு வார்த்தை கூட வரலையே என்று பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

குறை நிறை சொல்ல வடாலாவிலிருந்து வரும் தம்பி எழுந்தான். குரல் கணீரென்று இருந்ததாம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய ராத்திரி நாங்கள் கதவைக் கழற்றிப் பரணில் போட்டு அதன்மேல் படுத்திருந்ததை நான் சொன்னது மனசைத் தொட்டதாம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் நானும் வீட்டுக்காரரும்தான்.

"ஒரே ஒரு குறை, ஆச்சி," என்றான். "நீங்க எங்களப் பாக்கவே இல்ல. பக்கத்துல பாத்துப் பாத்துப் பேசுனிய. யாரோ எடுத்துக் குடுக்க மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பக்கத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரமே கணக்கெடுப்பவர்கள் மறுபடி வந்தார்கள். நடுப்பகல். எப்படியோ கதவைத் திறந்துவிட்டேன். லீவில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் வாசலில் வந்து நின்றாள். வந்தவர் கேட்டார். எனக்கு நாக்கு அதே மாதிரி ஒட்டிக்கொண்டது. அவரோ கேட்கக் கேட்கத் தலையை ஆட்டி, போனில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கதவு நிலையில் ஒரு நம்பரை ஒட்டிவிட்டுப் போனார்.

நான் என்ன சொன்னேன் என்று பெண்ணிடம் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் டக்டக்குன்னு நல்லாத்தான் சொன்னிய. வீட்ல எத்தன பேருன்னு கேட்டதுக்கு மட்டும் ரெண்டுன்னுட்டிய. நான் திருத்தப் போறதுக்குள்ள போயிட்டாவ."

வீடு கணக்கில் வந்துவிட்டது. திருத்தச் சொல்லி நான் யாரிடமும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். பின் பெஞ்சில் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். புதிதாக வந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் பையை வைக்கப் போனாள்.

"அங்க ஆள் இருக்கு," என்றேன்.

இந்தத் தடவை என் குரல் என் காதிலேயே விழுந்தது.