டோரதிக்கு வாசித்துக் காட்டிய கொலைக் கதைகள்

டோரதி லிங்கராஜபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். வாரம் தவறாமல் தேசிகனின் வாடகைப் புத்தகக் கடைக்குப் போய்த் துப்பறியும் நாவல்கள் எடுத்து வருவாள். திருப்பிக் கொடுக்கும்போது தீர்ப்பும் சொல்லிவிடுவாள்.

“கொலைகாரன் யாருன்னு ஆரம்பத்திலேயே தெரிஞ்சுபோச்சு. மிச்சத்தை அந்த இன்ஸ்பெக்டருக்காகத்தான் படிச்சேன்.”

இன்னொரு தடவை, “பேய் நல்லா இருந்துச்சு. கடைசியில அது பேயில்ல, தோட்டக்காரன்னு சொல்லிட்டாரு. அதுதான் பிடிக்கல” என்றாள்.

தேசிகன் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வார். யாராவது எந்தப் புத்தகம் எடுக்கலாம் என்று கேட்டால், “இது டோரதி டீச்சருக்குப் பிடிச்சது” என்று எடுத்துக் கொடுப்பார்.

1957-இல் அவளுக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு கண்ணிலும் கட்டு. குனியக் கூடாது, இருமக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “அளபேடி அம்மா” என்று கன்னடத்தில் சொன்னார். அழக் கூடாதாம்.

படுத்தே கிடக்க அவளால் முடியவில்லை. புருஷன் நோயலிடம் நாவல் வாசிக்கச் சொன்னாள். ரயில்வே குட்ஸ் ஷெட்டில் கிளார்க்கான நோயல் பேப்பரைத் தவிர எதையும் படித்தவரில்லை. ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தார்.

முதல் நாவல் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட்டில் நடப்பது. முதலாளியின் இளம் மனைவி ஏரிக்கரைக்குப் போகும் இடத்தில் நோயல் நின்றுவிட்டார்.

“என்னங்க, அப்புறம்?”

அவர் அவளுடைய கட்டுப் போட்ட கண்களைப் பார்த்தார். “அந்தம்மா தாய்வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“பின்னே இன்ஸ்பெக்டர் எதுக்கு வர்றாரு?”

“ஒரு நாய் காணாமப் போச்சு.”

நாயை வைத்தே மீதிக் கதையை ஓட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் முதல் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் முன்கூட்டியே படித்து, எங்கே எதை மாற்றுவது என்று யோசித்து வைத்துக்கொண்டார். அடுத்த கதையில் விஷம் குடித்தவனுக்கு வயிற்றுவலியோடு போயிற்று. டாக்டர் சீக்கிரம் வந்துவிட்டார் என்றார்.

“இந்த எழுத்தாளருக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் நல்லா எழுதிட்டிருந்தாரு” என்று டோரதி வருத்தப்பட்டாள்.

கட்டு அவிழ்த்து, கனத்த கண்ணாடி போட்டதும் அவள் முதலில் போன இடம் தேசிகன் கடை. எஸ்டேட் கதை படுமோசம், ஒரு நாய்க்காக இருநூறு பக்கமா என்றாள். அங்கே புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் பாமா நிமிர்ந்தாள்.

“எந்த நாய் டீச்சர்? அந்த எஸ்டேட் அம்மாவை ஏரியில தள்ளிக் கொன்னுடறாங்களே.”

“இல்லம்மா, அவங்க தாய்வீட்டுக்குப் போயிடறாங்க.”

தேசிகன் புத்தகத்தை எடுத்து நீட்டினார். டோரதி நின்றபடியே அந்தப் பக்கங்களைப் படித்தாள். பிறகு நேரே வீட்டுக்கு வந்து நோயலிடம் கேட்டாள்.

நோயல் மறைக்கவில்லை. “அழக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே.”

“துப்பறியும் கதைக்கு யாராவது அழுவாங்களா?”

“எனக்கு அழுகை வந்துச்சு. அந்தப் பொண்ணு சாகிற இடத்துல” என்றார் அவர்.

டோரதி அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அவர் வாசித்த நாவல்களை எல்லாம் அவள் மறுபடி எடுத்துவந்து தானே படித்தாள். எழுத்தாளர்மேல் இருந்த கோபம் போயிற்று. ஆனால் நோயலுக்குப் பழக்கம் விடவில்லை. தேசிகன் கடையில் தன் பெயரிலும் புத்தகம் எடுக்க ஆரம்பித்தார்.

“இவரு கடைசி அத்தியாயத்தை முதல்ல படிக்கிறாரு,” என்று டோரதி தேசிகனிடம் புகார் சொன்னாள். “யாரு உயிரோட மிஞ்சறாங்கன்னு பாத்துட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வர்றாரு. இப்படிப் படிக்கிறவருக்கெல்லாம் நீங்க புத்தகம் கொடுக்கக் கூடாது.”

தேசிகன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.