காதுகுத்து வீடியோவுக்கு நான் போட்ட எழுத்து

காது கேட்காதவனுக்கு சினிமா ஒரு கேடா என்று என் மாமியார் கேட்டார். பெற்ற மகனைப் பற்றித்தான் கேட்டார். என் கணவர் எதிரிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தன்னிடம் ஏதோ பேசுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். புத்தூரில் நாத்தனார் வீட்டுக்கு எப்போது போனாலும் இதே கதைதான். மனுஷனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவார்கள். பக்கத்தில் ஒருத்தி இரண்டு காதும் நன்றாக வேலை செய்கிற நிலையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றாது.

அவருக்குக் காது போனது கல்யாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு. ஒரு விஷக்காய்ச்சலில் சித்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்; உயிர் வந்தது, காது வரவில்லை. மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம், இரைச்சல்தான் அதிகமானது. பேச்சு மட்டும் பழையபடியே இருந்தது, ஆனால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் தெலுங்கில் அடித்துக் காட்டுவேன். ரேணிகுண்டாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அந்த வேலைக்குக் கையும் கண்ணும் போதும் என்பதால் சோற்றுக்குக் குறைவில்லை.

குறைந்தது சினிமாதான். பைத்தியம் என்றே சொல்லலாம், அப்படிப்பட்ட ரசிகர். அதிலும் தமிழ்ப் படம். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. நான் கல்யாணத்துக்குப் பிறகு வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றுக்கொண்டேன். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்டர்நெட்டில் தமிழ்ப் படங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இங்கிலீஷ் சப்டைட்டில். அவர் ஒரு வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வசனத்தைத் தெலுங்கில் மொழிபெயர்த்துப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தெலுங்கில் திட்டினால் அந்த ஆள் திட்டுகிற மாதிரியே இருக்காது என்றார். ஆகவே தமிழ் வசனத்தை அப்படியே தெலுங்கு எழுத்தில் போட்டுக் கொடுத்தேன்.

திருப்பதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் நான் டி.டி.பி. வேலை செய்கிறேன், தெலுங்கு டைப்பிங் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் சப்டைட்டில் என்பது டைப்பிங் மட்டும் இல்லையே. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு வசனம் கேட்டு, நிறுத்தி, அடித்து, அது எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று குறித்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் படத்தை முடித்து ஆசையாக அவருடைய டேப்லெட்டில் ஏற்றினால் வசனத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாக ஓடியது. அந்த மலிவு டேப்புக்குத் தெலுங்கு எழுத்து தெரியவில்லை. பிறகு எழுத்தைப் படத்தோடேயே ஒட்டி, டேப்புக்கு ஏற்ற சின்ன அளவுக்கு மாற்றித் தருகிற ஒரு கன்வெர்ட்டர் சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தேன். என் பழைய லேப்டாப்பில் அது ஓடும்போது உள்ளே இருக்கிற விசிறி அலறும். வெயில் காலத்தில் பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் தலையெழுத்து என்று திட்டிக்கொண்டேதான் செய்வேன், ஆனாலும் செய்தேன்.

அந்த முதல் படத்தில் ஒரு கெட்ட வார்த்தையை எழுதக் கூச்சப்பட்டு மரியாதையாக மாற்றிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டார். நடிகர் முகம் போகிற போக்குக்கு அந்த வார்த்தை ஒத்துவரவில்லையாம். அன்றைக்குக் கோபத்தோடு சொன்னார்: "அவன் இன்னா சொல்றானோ அத்த போடு. நல்லது கெட்டது நான் பாத்துக்குறேன்." அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட நான் மாற்றியதில்லை. ரேணிகுண்டா போகிற ரயிலில் அவர் அந்த டேப்பைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்ததாக எங்கள் தெருக்காரர்கள் வந்து சொல்வார்கள். எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

நாத்தனாருக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் கணவர் ஒருவர்தான் அவளுக்கு அண்ணன், குழந்தைக்கு ஒரே தாய்மாமன். காதுகுத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன் உரிமை. இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவருக்கு அந்த மடி இன்னும் பெரிதாக இருந்தது. கம்மலையும் பட்டுப்பாவாடையையும் திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கி அவரே பார்த்து வாங்கினார். மடியில் உட்காரும்போது குழந்தை கையைக் காலை உதைத்தால் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தலையணையை வைத்து எனக்குச் செய்துகாட்டினார். நான் சிரித்தேன்.

நகரி மலையடிவாரத்தில் குலதெய்வக் கோயில். நான் பின்பக்கம் பொங்கல் அடுப்பில் இருந்தேன். பானையை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் குழந்தை நாத்தனாருடைய பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. என் கணவர் பக்கத்தில் சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். வேலைக்காரன் மாதிரி நின்றார். என்ன ஆச்சு என்று ஜாடையில் கேட்டேன். இந்த வருஷம் தனக்கு நட்சத்திரம் சரியில்லை, மடியில் வைத்தால் தனக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னதாகத் தங்கச்சி போனில் எழுதிக் காட்டினாள் என்றார். நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டுடியோக்காரர் வீடியோவைப் பென்டிரைவில் கொடுத்தார். பெரிய ஃபைல், டேப்பில் திறக்கவே இல்லை. கன்வெர்ட் செய்யும்போது எழுத்தும் போட்டுக் கொடு, எல்லாரும் என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டும் என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை, அவர் முடிவெட்டப் போயிருந்தபோது உட்கார்ந்தேன். காது குத்துகிற பத்தர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, தாய்மாமனை வரச் சொல்லுங்கள் என்கிறார். கேமரா பத்தர் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலிருந்து மாமியார் குரல் தெளிவாக வருகிறது.

"அவன் வேணாம். காது குத்தற நேரத்துல செவுடன் மடியிலயா ஒக்கார வெப்பாங்க? கொழந்திக்கும் காது பூட்டா இன்னா பண்றது?"

அடுத்தது நாத்தனார் குரல். "நட்சத்திரம் சரியில்லன்னு எழுதிக் காட்டிட்டேம்மா. அண்ணன் நம்பிக்கிச்சு."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். போய்த் தண்ணீர் குடித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடு, அந்த இடத்தை வெட்டிவிடு என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள், தெரியும். புண்ணியவதிகள். அந்த மனுஷன் தட்டோடு நின்றதை அவர்கள் பார்க்கவில்லை. நான் இரண்டு வரியையும் சொன்னது சொன்னபடி அடித்தேன். இன்றைக்கு அப்படி ஒன்று வந்தாலும் அப்படியே அடிப்பேன்.

அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தார். மறுபடியும் தள்ளினார். அம்மா சொன்னதா இது என்று கேட்டார். தலையாட்டினேன். டேப்பை மூடி வைத்துவிட்டு, பால் வாங்கி வருகிறேன் என்று போனார். வாங்க வேண்டிய பால் காலையிலேயே வாங்கியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு புத்தூருக்குப் போகலாம் என்றார். போனோம். சாப்பாட்டுக்கு முன்னாலேயே டேப்பை எடுத்து அம்மா முன்னாலும் தங்கச்சி முன்னாலும் வைத்து அந்த இடத்தை ஓட்டினார். நான்தான் சவுண்டை முழுக்க வைத்தேன். கூடம் முழுக்கக் கேட்டது. மாமியார் குரலை மாமியாரே கேட்டார். நாத்தனார் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அதற்குள் சுதாரித்துக்கொண்டாள்.

"அம்மா அப்பிடிச் சொல்லவே இல்ல. அண்ணியா எழுதிக்கினது இது."

சொன்னதோடு நிற்காமல் அண்ணனுக்குப் போனில் தெலுங்கில் அடித்துக் காட்டினாள். அம்மா சொன்னது வேறு: மகனுக்கு உடம்பு தேறவில்லை, ஹோமப் புகையில் உட்கார வேண்டாம் என்று சொன்னாராம். அட பாவி, கோயிலில் ஹோமமே இல்லை என்றேன். அவருக்கு அது கேட்குமா? நான் போனை எடுத்து அடிப்பதற்குள் நாத்தனார் புருஷன் தன் போனை நீட்டினார். பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக் காட்டுகிற வசதி அதில் இருக்கிறதாம், சோதித்துவிடலாம் என்றார். நம்முடைய பேச்சு எந்த மெஷினுக்குப் புரிந்திருக்கிறது? ஒரு வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, பின்னால் மேளம் வேறு. தலையும் காலும் இல்லாமல் எதையோ கொட்டியது. பாருங்கள், இவ்வளவு பெரிய கம்பெனி செய்ததற்கே புரியவில்லை, அக்காவுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

மாமியார் அழ ஆரம்பித்தார். குழந்தையை இழுத்து அதன் தலையில் கை வைத்து, நான் அப்படிச் சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தார். அந்தப் பிஞ்சின் காதில் என் கணவர் வாங்கிய கம்மல் ஆடிக்கொண்டிருந்தது. காது உள்ள அத்தனை பேரும் கேட்டார்கள், அத்தனை பேரும் இல்லை என்றார்கள். கேட்காத ஒருவர் நடுவில் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கண்ணைத் துடைத்தார். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வடமாலைப்பேட்டை தாண்டியதும் என்னிடம் பேசினார். காதோடு காதாகப் பேசுவதாக நினைப்பு. டிரைவர் வரைக்கும் கேட்டது.

"நீ சரியாத்தான் போட்டுருப்ப. எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு ஒரு அம்மாதான் கீறாங்க. அந்த ரெண்டு வரிய எடுத்துட்டு தங்கச்சி சொன்னத போட்டுக் குடு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எடுத்த போனை மறுபடி பைக்குள் போட்டேன். அவர் என்னைப் பொய்க்காரி என்று நினைத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நம்பிக்கொண்டே கேட்கிற மனுஷனோடு என்ன சண்டை போடுவது? மூன்று நாள் செய்யாமல் இழுத்தடித்தேன். அவர் திட்டவில்லை, கெஞ்சவில்லை, சாயங்காலம் வந்ததும் லேப்டாப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். நான்காம் நாள் உட்கார்ந்தேன். "அவனுக்கு உடம்பு தேறல, புகையில ஒக்கார வேணாம்" என்று மாமியார் குரலுக்குக் கீழே என் கையாலேயே அடித்தேன், நாத்தனார் வரியை எடுத்துவிட்டேன். நேரம் பிசகாமல் தோன்றி, பிசகாமல் மறைகிற மாதிரி சரிபார்த்தேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்கு அரைகுறையாகச் செய்ய வராது. லேப்டாப் அலறி முடித்ததும் டேப்பில் ஏற்றிக் கொடுத்தேன்.

அவர் அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய் எல்லாருக்கும் காட்டினார் என்று பிறகு தெரிந்தது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, மெஷின் ஓடுகிற சத்தத்தில் குரலும் கேட்டிருக்காது. எழுத்தைப் படித்திருப்பார்கள், அர்த்தத்தை இவர் சொல்லியிருப்பார். எங்கம்மாவுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை பார் என்று சொன்னாராம். கூட வேலை செய்கிறவர் நான் வேலை பார்க்கிற கடைக்கு வந்தபோது என்னிடம் நல்ல மனசோடுதான் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே தப்பாக அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு புதுப் படம் போட்டுக் கொடுத்தேன். நல்ல காமெடி. பழையபடி கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஆறியது. திடீரென்று படத்தை நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது நெஜமா அவன் சொல்றதா? இல்ல, நான் சிரிக்கட்டும்னு நீ போட்டதா?"

அவன் சொல்வதுதான் என்றேன். போனிலும் அடித்துக் காட்டினேன். படித்தார், என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். படத்தை மறுபடி ஓட விட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தார். சிரிக்கவில்லை.