கண்ணாடிக் கூடத்தில் விழுந்த அடி

அந்தச் செடிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் மிளகாய்ச் செடிக்கு நுனி கிள்ளுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அழகுக்காக வளர்க்கும் குட்டை ரகம் அது. சாண் உயரத்தைத் தாண்டினால் கடைக்காரர்கள் சீந்தமாட்டார்கள். அதனால் நுனியைக் கிள்ளி, வளர்ச்சியை அடக்கும் மருந்தும் தெளிப்பார்கள். ஊதாவும் சிவப்புமாகக் காய்கள் வானம் பார்த்து நிற்கும்போது தொட்டியோடு வண்டியேறிவிடும். தங்கையை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

சூப்பர்வைசர் வாயைவிடக் கையால் அதிகம் பேசுகிறவன். பிடரியில் ஒரு தட்டு, முதுகில் ஒரு குத்து. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அவளும்தான்.

அசுவினிப் பூச்சி பெருகிய ஒருநாள், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கதவுகளைச் சாத்திப் பூச்சிமருந்து அடிக்கச் சொன்னான். தங்கை வாந்தியெடுத்து, தொட்டிகள்மேல் சரிந்தாள். செடிகள் முறிந்தன. நடிக்கிறாள் என்று அவளை விலாவில் எட்டி உதைத்தான். மறுபடியும் காலைத் தூக்கினான்.

அக்காவின் கையில் தண்ணீர் பாய்ச்சும் இரும்புக் குழாய் இருந்தது. முதல் அடியில் அவன் தாடை பெயர்ந்தது. அவன் இடுப்பிலிருந்த கவாத்துக் கத்தியை உருவி வீசியதில் அவளுடைய வலது கை நரம்பு அறுந்தது. குழாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அடித்தாள். கத்தி நழுவியது. அவன் விழுந்தான், கையைத் தூக்கிக் கெஞ்சினான். அப்போதும் அடித்தாள். மற்றவர்கள் சேர்ந்து இழுத்த பிறகுதான் ஓய்ந்தாள். எழ முடியாமல் கிடந்த தங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பிழைத்தான், ஒரு கண் போயிற்று. விழுந்தவனை ஏன் அடித்தாய் என்று நீதிபதி கேட்டார். நிறுத்தத் தோன்றவில்லை என்றாள். சிறைக்குப் போனாள்.

விடுதலையாகித் தங்கை வீட்டுக்கு வந்தபோது, தங்கை சோறு போட்டாள். ஆனால் அக்காவின் மடியில் ஏறிய தன் குழந்தையை உடனே தூக்கிக்கொண்டாள்.

“என்னடி, நான் என்ன பேயா?”

“அவன் உதைச்சது எனக்கு மறந்தே போச்சுக்கா. நீ அடிச்சதுதான் கண்ணுலயே நிக்குது. அப்ப அது உன் மூஞ்சியாவே இல்ல.”

“நான் அடிக்கலைன்னா நீ செத்திருப்ப.”

“தெரியும்க்கா. அதுவும் தெரியும்.”

அக்கா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

இப்போது வேறொரு கூடத்தில் இடது கையால் நுனி கிள்ளுகிறாள். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. சூப்பர்வைசரை அடித்ததற்காக அவள் வருந்தியதில்லை. ஆனால் யாராவது பக்கத்தில் குரலை உயர்த்தினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள். தங்கை அவ்வப்போது பார்க்க வருகிறாள். குழந்தையைக் கூட்டி வருவதில்லை. அவளும் கேட்பதில்லை.