தலைமேல் வைத்த கை

என் மகள் தண்ணீரிலிருந்து தலைமேல் கையை வைத்துக் காட்டியபோது, நான் அதை நம்பினேனா? கோடை முடிந்து மழையும் வந்துவிட்டது, இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. நம்பினேன் என்று சொன்னால் பாதி பொய் போல இருக்கிறது. நம்பவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

யமுனைக் கரையில் ஒரு சிறிய பாய்மரப் படகு கிளப்பில் அவளைச் சேர்த்தது நான்தான். கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவளுக்கு நீச்சல் நன்றாக வந்ததால் இதற்கு அனுப்பினேன். "தில்லியில எங்கடி கடல்?" என்று என் கணவர் சிரித்தார். அந்த ஆற்றை அருகில் போய்ப் பார்த்தபின் அவரும் சிரிக்கவில்லை. கறுத்த தண்ணீர், ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை, சில நாட்களில் நுரை. ஒரு வாய் உள்ளே போனாலே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒரு குழந்தை மட்டும் உட்காரக்கூடிய, தொட்டி மாதிரியான சின்னப் படகுகள். கிளப்பில் ஆள் குறைவு என்பதால் பெற்றோர்கள் முறைவைத்து டூட்டி பார்ப்போம். கரையில் உயரமான மேடையில் பைனாகுலரும் வாக்கி-டாக்கியுமாக நிற்க வேண்டும். மீட்புப் படகில் தாழ்வாக உட்கார்ந்திருப்பவருக்கு அலைகளைத் தாண்டி எல்லாம் தெரியாது. எந்தக் குழந்தையிடம் முதலில் போவது என்று மேடையிலிருந்துதான் சொல்வோம். குழந்தைகளுக்கு இரண்டு சைகைகள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினால் 'உடனே வாருங்கள்'. உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் 'எனக்கு ஒன்றுமில்லை'.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. டூட்டியில் இருப்பவரின் பிள்ளை அன்றைக்கு அவருடைய பிள்ளை இல்லை, படகின் நம்பர் மட்டும்தான். பிள்ளையும் அப்பா அம்மா என்று கூப்பிடக்கூடாது, சார், மேடம்தான். முன்பு ஒரு தகப்பன், வேறொரு குழந்தை காத்திருக்க, தன் மகளிடம் படகை அனுப்பிவிட்டாராம். அதிலிருந்து வந்த வழக்கம் என்று பயிற்சியாளர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் மகளுக்கு அது விளையாட்டு. வீட்டிலும் தட்டை நீட்டி, "மேடம், ஏக் அவுர் தோசை மிலேகா?" என்று இன்னொரு தோசை கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டே, "ஒன்பதாம் நம்பர், உட்கார்ந்து சாப்பிடு" என்பேன்.

அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை என் டூட்டி. இரண்டு மீட்புப் படகுகளில் ஒன்றின் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஒன்று போதுமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். இலைகூட அசையவில்லையே மேடம் என்றார். புதியவள் நான், அதற்குமேல் பேசவில்லை.

மாலையில் மேற்கே வானம் பழுப்பாக எழும்பியது. தில்லியில் இருப்பவர்களுக்கு அந்த நிறம் தெரியும், ஆந்தி வருகிறது, புழுதிப் புயல். சிவப்புக் கொடி ஏற்றினோம், விசில் ஊதினோம். பெரும்பாலான படகுகள் கரைக்குத் திரும்பிவிட்டன. தொலைவில் இரண்டு மட்டும் மிச்சம். ஒன்றில் என் மகள், மற்றதில் அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. மணலோடு காற்று வந்து மோதியது. இரண்டும் கவிழ்ந்தன.

சின்னவளின் படகு அவளை விட்டு விலகிப் போய்விட்டது. லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் கவிழ்ந்த படகை ஒரு கையால் பிடித்திருந்தாள். மறு கை தலைமேல் இருந்தது.

"மேடம், பெஹலே கிஸ்கோ?" முதலில் யாரை என்று மீட்புப் படகுக்காரர் கேட்டார்.

படகைப் பிடித்திருப்பவர் காத்திருக்கலாம், படகை விட்டவரை முதலில் எடுக்க வேண்டும். அதுதான் விதி. "சோட்டி கோ. நவ் நம்பர் டீக் ஹை" என்றேன். சின்னவளை எடுங்கள், ஒன்பதாம் நம்பர் நன்றாக இருக்கிறாள்.

சொல்லி முடித்த பிறகும் பைனாகுலரை இறக்கவில்லை. அவள் கை தலையிலிருந்து நழுவியது. முகம் தண்ணீருக்குள் போய் மேலே வந்தது. கை மறுபடி தலைக்கு ஏறியது. மறுபடி நழுவியது, மறுபடி ஏறியது. ஒன்றுமில்லாதவள் எதற்கு அத்தனை பாடுபட்டுக் கையைத் தூக்கி வைக்க வேண்டும்? வாக்கி-டாக்கி என் கையில்தான் இருந்தது. பிறகு புழுதி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

சின்னவளை ஏற்றிக்கொண்டு மீட்புப் படகு என் மகளிடம் போனபோது, பாயின் கயிறு அவள் கணுக்காலில் சுற்றியிருந்தது. படகு உருளும்போதெல்லாம் அவளை உள்ளே இழுத்திருக்கிறது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். படித்துறையில் கிடத்தியதும் கறுப்பாக வாந்தி எடுத்தாள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பேச முடிந்த அன்று, ஏன் கையை ஆட்டவில்லை என்று கேட்டேன்.

"நீ டூட்டியில இருந்தே இல்ல" என்றாள். "நான் கூப்பிட்டா உனக்கு எல்லாரும் பாத் சுனாவாங்க."

ஊரார் என்னைச் சொல்லிக்காட்டுவார்களாம். பத்து வயது அவளுக்கு.

கிளப்பில் எனக்குக் கைதட்டினார்கள். சொந்தக் குழந்தையைக் கடைசியில் எடுத்த அம்மா என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். சின்னப் பெண்ணின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது. வேறு மாதிரி செய்திருந்தால் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.

போன மாதம் பள்ளிக்கு வெள்ளை சாக்ஸ் வாங்க சரோஜினி நகர் போயிருந்தோம். கூட்டத்தில் அவள் கை என்னிடமிருந்து விடுபட்டுவிட்டது. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே கடைகளுக்கு நடுவே ஓடினேன். ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுத தடம் கன்னத்தில் காய்ந்திருந்தது. நான் அந்த வழியாகவே இரண்டு தடவை ஓடியதைப் பார்த்திருக்கிறாள்.

"ஏன்டி கூப்பிடலை?"

"நான் டீக்தான் இருந்தேன்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கையை நான் விடவில்லை. இப்போது 'மேடம்' விளையாட்டு வீட்டில் இல்லை. அவளாக விட்டுவிட்டாள். தோசையும் இன்னொன்று கேட்பதில்லை, போதும் என்கிறாள். அது பசி தீர்ந்த 'போதும்'தானா என்று ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்க்கிறேன்.

மழை ஓய்ந்ததும் கிளப் மறுபடி திறக்கும். அவள் போக வேண்டும் என்கிறாள். என் டூட்டியும் வரும். இரண்டு மீட்புப் படகுகள் இல்லாமல் ஒரு குழந்தையையும் இறக்கக்கூடாது என்று இந்தத் தடவை சொல்லிவிடுவேன். தன் பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது யாரும் மேடையில் நிற்கக்கூடாது என்றும் சொல்வேன். அவையெல்லாம் சொல்ல முடிகிற விஷயங்கள். அவளிடம் என்ன சொல்வது?

அன்று நான் உன் கையை நம்பினேன் என்றால், அப்படிக் கை வைத்தால் அம்மா நம்பிவிடுவாள் என்று கற்றுக்கொள்வாள். நம்பவில்லை என்றால், தெரிந்தும் அம்மா படகை அனுப்பவில்லை என்று ஆகும். இரண்டில் எதைச் சொன்னால் அடுத்த தடவை அவள் என்னைக் கூப்பிடுவாள்? பிள்ளை வளர்த்தவர்கள், இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.